ஈரக்கண்

இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்த ரிஷ்வந்தின் இடது கண்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. இமைமேல் இல்லை, கண்மேல். கருவிழியின் ஓரத்தில் காலை ஊன்றி, முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டு, அங்கே திரண்டிருந்த மஞ்சள் பீளையை நிதானமாக உறிஞ்ச ஆரம்பித்தது. ரிஷ்வந்த் இமைக்கவில்லை. "சட்னியில உப்பு கம்மி" என்றான்.

எதிரே உட்கார்ந்திருந்த அவன் மனைவி இயலினிக்கு வாயிலிருந்தது தொண்டையில் இறங்கவில்லை. கல்யாணமானதிலிருந்து இந்தக் கண்றாவியைத் தினமும் பார்க்கிறாள். பழகிவிடும் என்று அவள் அம்மாகூடச் சொன்னாள். எப்படிப் பழகும்?

"ஏங்க, கண்ணுல ஈ."

"எந்தக் கண்ணுல?"

கேட்கிறான் பாருங்கள், எந்தக் கண்ணிலாம்! தன் கண்மேல் ஒரு பிராணி விருந்து சாப்பிடுவது தெரியாத மனிதனை என்ன செய்வது? அவள் எழுந்து துண்டால் விசிறினாள். ஈ அரைமனதாக எழுந்து, அவன் மணிக்கட்டில் உட்கார்ந்தது. அங்கே கட்டியிருந்த இமைமணி அந்த நேரம் பார்த்து 'டிங்' என்றது. ரிஷ்வந்த் கடமைக்கு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்துவிட்டு, அடுத்த இட்லியை எடுத்தான்.

விருதுநகரில் பதினெட்டு வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சர்க்கரை முற்றினால் கண்ணின் பின்சுவரில் ரத்தக்குழாய்கள் கசியும், பார்வை போகும். முந்தைய தலைமுறையில் அப்படிக் குருடானவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். பிறகு சுடர்க்கூண்டு வந்தது. பெட்டிக்கடை அளவுக்கு ஒரு கூண்டு. உள்ளே போய்த் தாடையை வைத்தால் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும். "இமைக்காதீர்கள்" என்று ஒரு பெண்குரல் சொல்லும். பச்சை ஒளி படபடவென்று பாய்ந்து, விழித்திரையின் ஓரமெல்லாம் பொடிப்பொடியாகச் சுட்டுவிடும். ஓரம் செத்தால், அதற்குப் போகிற ரத்தம் நடுவுக்குக் கிடைக்கும், நடுப்பார்வை பிழைக்கும். பெரிய விஷயம்தான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் நம் சனம் என்ன செய்தது? கண்தான் போகாதே என்று ஜிலேபியைக் கையில் எடுத்தது. காலையில் கூண்டு, சாயங்காலம் மிட்டாய்க்கடை. சர்க்கரை ஏறியது, மறுபடி கூண்டு. இப்படியே சுட்டுச் சுட்டு, ஊரில் அநேகமாக எல்லோருக்கும் கண்ணின் மேற்பரப்பு மரத்துப்போயிற்று. தூசி விழுந்தால் உறுத்தாது. கண்ணீர் ஊறாது. இமைக்கவேண்டும் என்ற நினைப்பே வராது. அதற்காகத்தான் இமைமணி. மணியடித்தால் இமைக்கவேண்டும். கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் தொந்தரவு என்று எல்லோரும் அதை அணைத்துவைப்பார்கள், அப்புறம் போட மறந்துவிடுவார்கள். காய்ந்த கண்களோடு, ஓரத்தில் கட்டிக்கட்டியாய்ப் பீளையோடு, வரிசையாக உட்கார்ந்து பந்தியில் பாயசம் குடிப்பார்கள். சகிக்காது.

இயலினிக்குச் சர்க்கரை கிடையாது. கல்லூரியில் படிக்கும்போது தோழிகளோடு கூண்டுக்குப் போய்த் தாடையை வைத்தாள். "உங்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. நன்றி" என்று கூண்டு சொல்லிவிட்டது. வெளியே நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு 'ஈரக்கண்ணி' என்று பெயர். அவளைக் கட்டிக்கொண்ட ரிஷ்வந்தோ கூண்டுகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். வாய்த்தது பாருங்கள் பொருத்தம்!

ஈயை விரட்டிய அன்றுதான் அவள் அதைக் கவனித்தாள். பீளை விலகிய இடத்தில், அவன் இடது கருவிழியின்மேல் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளை. துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. கண்ணே அங்கே வெந்துபோனதுபோல் வெளுத்திருந்தது.

"வலிக்குதா?"

"வலிச்சாச் சொல்ல மாட்டேனா? விடு இயல், வேலைக்கு நேரமாச்சு."

மாமியார் கீர்த்தனா அத்தைக்கு அந்த வெள்ளை என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. திருஷ்டி. போன மாதம் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது, ஊர்க்கண் பட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகனைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் முச்சந்தி மண்ணும் கைக்குள் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி, மூன்று தடவை துப்பச் சொல்லி, கரி அடுப்பில் போட்டாள்.

மிளகாய் கருகும்போது நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்று அர்த்தம். நெடியே இல்லாவிட்டால் பொல்லாத கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். காலங்காலமாக இதுதான் கணக்கு. ஆனால் ஊர்க்காற்று கெட்டுப்போனதிலிருந்து, குளிக்கும் நேரம் தவிர எல்லோர் மூக்கிலும் நாசிவலை இருக்கிறது. புகை மூக்கில் ஏறாது, இருமல் வராது. மிச்சமிருந்தது கண் எரிச்சல் ஒன்றுதான். அதையும் கூண்டு கொண்டுபோய்விட்டது.

"ஆத்தாடி! துளி நெடி இருக்கா பாரு!" அத்தை மார்பில் கைவைத்துக்கொண்டாள். புகை அவள் முகத்தைச் சுற்றிச் சுருண்டு, திறந்திருந்த இரண்டு கண்களுக்குள்ளும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. "எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு எம்புள்ள மேல!" இன்னொரு கை மிளகாயை அள்ளிப் போட்டாள்.

அடுக்களை வாசலில் நின்ற இயலினிக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "எனக்கு எரியுது அத்தை. மிளகா ஒழுங்காத்தான் எரியுது. உங்க கண்ணுதான் மரத்துப்போச்சு. அவரை அந்தப் புகையில உக்கார வைக்காதீங்க, புண்ணு கூடிப்போகும்."

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஊருல ஒருத்தருக்கும் எரியலை. உனக்கு மட்டும் எரியுதுன்னா, கண்ணு வச்சது யாருன்னு நான் வேற சொல்லணுமாக்கும்?"

வாரக்கணக்கில் செவ்வாயும் வெள்ளியும் புகை நடந்தது. நொய் அளவு இருந்த வெள்ளை உளுந்து அளவு ஆயிற்று. பக்கத்தில் படுத்தால் நாசிவலையையும் மீறிக் கண்ணிலிருந்து ஊசல் வாடை வந்தது. இயலினி ஒருநாள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண் மருத்துவர் சஹானாவிடம் போனாள்.

சஹானா ஒரு பஞ்சுத்திரியை முறுக்கி, அதன் நுனியால் அவன் கருவிழியைத் தொட்டார். பார்த்த இயலினிக்குத் தன் கண்ணே கூசி மூடிக்கொண்டது. ரிஷ்வந்த் நேராகப் பார்த்தபடி, "ஆரம்பிச்சிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டான்.

"முடிச்சிட்டேன்" என்றார் சஹானா. "இது திருஷ்டி இல்லம்மா, புண்ணு. கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. நரம்பும் கண்ணீரும்தான் அதுக்குச் சோறு. அந்த நரம்பு, கண்ணோட பின்பக்கமிருந்து சுவரு வழியா முன்பக்கம் வருது. சர்க்கரை ஏற்கெனவே அதைப் பாதி அரிச்சு வச்சிருக்கும். நாம உள்ளே சுடுறப்ப மிச்சத்தையும் சேத்துச் சுட்டுடுறோம்."

"எங்க கூண்டைக் குத்தம் சொல்லாதீங்க டாக்டர். அது இல்லைன்னா இந்நேரம் நான் குருடு."

"குத்தம் சொல்லலைப்பா. ஒரேயடியா இவ்வளவு சுடாம, பாத்துப் பாத்துச் சுடணும். சர்க்கரையையும் குறைக்கணும். ரெண்டையும் கேக்க யாருக்கு நேரம் இருக்கு?" சஹானாவின் மணிக்கட்டில் மணியடித்தது. அவர் இமைத்தார். அவர் கண்ணோரத்திலும் கொஞ்சம் பீளை இருந்தது. "இப்படியே விட்டா இது ஓட்டை விழும். உள்ள இருக்கிறது வெளிய வந்துடும். அப்புறம் கண்ணை எடுக்கவேண்டியதுதான்."

இயலினி அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மருந்து?"

"கடையில விக்கிற துளியெல்லாம் வெறும் ஈரம். நல்ல கண்ணீர்ல இருக்கிற சத்துதான் நரம்பை வளர்க்கும். சின்னப்பிள்ளைககிட்ட எடுக்கக் கூடாது. பெரியவங்கள்ல கண்ணீர் குடுக்க இந்த ஊருல ஆளு எங்க இருக்கு?" சொல்லிவிட்டு சஹானா அவள் முகத்தைப் பார்த்தார். கலங்கி, நிரம்பி, கன்னத்தில் வழிந்துகொண்டிருந்த அந்தக் கண்களைப் பார்த்தார். "ஆளு இங்கதான் இருக்குபோல" என்றார்.

வீட்டுக்கு வந்து, சஹானா கொடுத்த மெல்லிய கண்ணாடிக் குழாயைக் கண்ணோரத்தில் வைத்துக்கொண்டு அழப் பார்த்தாள் இயலினி. வேண்டும்போது வருமா அழுகை? செத்துப்போன அப்பாவை நினைத்தாள், மாமியார் பேசிய பேச்சையெல்லாம் நினைத்தாள். பாதிச் சொட்டுக்கூடத் தேறவில்லை. கடைசியில் அவளே போய் அத்தையின் மிளகாய் டப்பாவைத் திறந்தாள். ஒரு கை அள்ளி அடுப்பில் போட்டு, புகைக்கு நேராக முகத்தைக் கொடுத்தாள். ஐயோ, அந்த எரிச்சல்! கண்ணுக்குள் யாரோ மணலைக் கொட்டித் தேய்ப்பதுபோல் இருந்தது. குழாய் நிரம்பியது. அதை அவன் கண்ணில் விட்டாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. புருஷன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

தினமும் காலையும் மாலையும் செய்தாள். உளுந்து மறுபடி நொய்யானது. நொய் மங்கியது. ஒருநாள் இட்லி சாப்பிடும்போது ஈ வந்து அவன் இடது கண்ணருகே பறந்ததும், ரிஷ்வந்த் சடக்கென்று இமைத்து அதைக் கையால் தட்டிவிட்டான். 

"இயல்! என்னமோ பட்டுச்சு! எனக்குத் தெரிஞ்சுச்சு!"

அன்றைக்கு மிளகாய் தேவைப்படவில்லை. அவளுக்குச் சும்மாவே கொட்டியது. ரிஷ்வந்த் சின்னப்பிள்ளைபோல் வெங்காயத்தை நறுக்கி நறுக்கிக் கண்ணருகே பிடித்தான். இடது கண்ணில் மட்டும் நீர் வழிய, "எரியுதுடி, எரியுது!" என்று குதித்தான்.

"வெளிய யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள் இயலினி.

"நான் போய்ச் சொல்வேனா?"

சொன்னான். முதலில் யுவராஜ் பெரியப்பாவிடம் சொன்னான். அவருக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை. பெரியப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "உன்னைய என் மகளா நெனச்சுக் கேக்கேன் தாயி. ஒரு சொட்டுதானே" என்றார். எப்படி மாட்டேன் என்பது? கொடுத்தாள். பெரியப்பா தன் சம்பந்திக்குச் சொன்னார், சம்பந்தி கோயில் வாசலில் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் தெருவே நின்றது.

என்ன முகங்கள்! அவித்த மீனின் கண்போல் வெளுத்த கண்கள். காய்ந்து தோலுரிந்த கண்கள். பீளை பாலாடை கட்டி, அதில் தலைமுடி ஒட்டி, அது ஒட்டியிருப்பதே தெரியாத கண்கள். ஒருத்தர் கண்ணோரத்தில் எறும்பு ஊர்ந்தது. அவர் அதோடு, கையிலிருந்த மைசூர்பாகைக் கடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். இனிப்பை விட மாட்டார், கண்ணீர் மட்டும் அடுத்தவள் தரவேண்டும். எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை: "ஒரு சொட்டுதானேம்மா."

கீர்த்தனா அத்தைதான் நாற்காலி போட்டு வரிசையை ஒழுங்குபண்ணினாள். "எம்மருமக கண்ணு ராசியான கண்ணு" என்று வந்தவர்களிடம் பெருமையடித்தாள். கண்ணு வச்சவள் என்று சொன்ன அதே வாய். மிளகாய் இப்போது கையளவில் இல்லை, முறத்தில் வந்தது.

இயலினிக்கு இமை வீங்கி, கன்னத்துத் தோல் வெந்து உரிந்தது. ராத்திரியில் தலையணையில் முகம் வைக்க முடியவில்லை. "போதுங்க. என்னால முடியல" என்றாள் புருஷனிடம்.

"உறவுக்காரங்க இயல். வாசல்ல வந்து நிக்கிறவங்களை விரட்டவா முடியும்? இன்னும் என் வலது கண்ணும் பாக்கி இருக்குல்ல. பல்லைக் கடிச்சுக்க, ஒரு சொட்டுதானே."

அடுத்த செவ்வாய் அவள் எழ மறுத்தாள். இரண்டு சித்திமார் சிரித்துப் பேசியபடியே தோளைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். புகை எழுந்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் பிடரியைப் பிடித்து, மெதுவாக, மிகவும் அன்பாக, புகையை நோக்கி அழுத்தியது. ரிஷ்வந்தின் கை. நீர் வழியும் கண்ணோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேலைக்குப் போடுகிற மூடு கண்ணாடியை அவன் இறுக்கமாக மாட்டியிருந்தான்.

"அது எதுக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கு இப்ப எரியுதுல்ல?" என்றான்.

அவ்வளவுதான். எரிச்சல் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பிடித்து அழுத்தியதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். இவனுக்குத் தெரியும். தெரிந்ததனால் தன் கண்ணை மூடிக்கொண்டு அவள் கண்ணைத் திறந்துவைக்கிறான்.  அவன் கை பட்ட பிடரியை, கூட்டம் போனபிறகு, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

வியாழக்கிழமை மத்தியானம், அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது, அவன் பையிலிருந்து பழுதுபார்க்கும் சாவியை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கூண்டுக்குப் போனாள். தாடையை வைத்தாள். விரலில் குத்திற்று.

"உங்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. நன்றி."

"எனக்குத்தான் தெரியும் எனக்கு எது தேவைன்னு" என்று சொல்லிவிட்டு அவள் சாவியைச் செருகித் திருகினாள். கூண்டு பழுதுபார்க்கும் முறைக்கு மாறியது. ஒளியின் அளவைக் கடைசிவரை ஏற்றினாள். ஓரப்பார்வை குறையும், இருட்டில் பார்வை மங்கும் என்று திரையில் எச்சரிக்கை ஓடியது. குறையட்டுமே. ஓரத்தில் என்ன பெரிதாகப் பார்க்கச் சகிக்கிற காட்சி இருக்கிறது? ரிஷ்வந்தின் வலது கண் ஞாபகம் வந்தது. ஒரு நிமிடம் கை நின்றது. பிடரியும் ஞாபகம் வந்தது. பொத்தானை அமுக்கினாள்.

"இமைக்காதீர்கள்" என்றது கூண்டு.

கண்ணுக்குள் ஆணி அடிப்பதுபோல் இருந்தது. இரண்டு கண்ணுக்கும் வைத்துக்கொண்டாள். முடிந்ததும் மறுபடி வைத்துக்கொண்டாள். பிறகு துப்பட்டா நுனியை முறுக்கி, டாக்டர் செய்ததுபோல் தன் கருவிழியைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் தெரிந்தது. மறுபடி தாடையை வைத்தாள். அடுத்த தடவை தொட்டபோது தெரியவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவளாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "மருமகளுக்கு இப்பத்தான் நல்ல புத்தி வந்திருக்கு" என்று அத்தை சந்தோஷப்பட்டு மிளகாயைக் கொட்டினாள். புகை குபுகுபுவென்று எழுந்து முகத்தை மூடியது. இயலினி கண்ணை அகலத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரிசையில் முதலாவதாக நின்ற பெரியப்பா குழாயைக் கண்ணோரத்தில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார்.

"என்ன தாயி, ஒண்ணும் விழலையே?"

அத்தை முறத்தையே கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. "ஆத்தாடி!" என்று அலறினாள். "துளி நெடி இல்லையே! ஊர்க்கண்ணு பூராவும் எம்மருமக மேலல்லவா பட்டிருக்கு!"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீர்த்தனா அத்தை ஓர் உண்மையைச் சொன்னாள்.

ரிஷ்வந்த் பதறி ஓடிவந்து அவள் முன்னால் குனிந்தான். "என்ன பண்ணித் தொலைச்சே இயல்?" மூடு கண்ணாடி வழியாகச் சரியாகத் தெரியவில்லை. அதைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டு அவள் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தான். காய்ந்திருந்தது. புகை விலகிய நேரம் பார்த்து ஓர் ஈ வந்து அதன்மேல் உட்கார்ந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் புகை அவன் முகத்துக்குத் திரும்பியது.

"ஸ்ஸ்... ஐயோ!" அவன் கண்ணைக் கசக்கினான். விரலிடுக்கில் நீர் வழிந்து, மூக்கோரமாக இறங்கி, நாடியில் நின்று சொட்டியது.

வாசல் வரிசை கலைந்து முன்னால் வந்தது. எல்லோரும் அந்தச் சொட்டையே பார்த்தார்கள்.

"அடேய்" என்றார் பெரியப்பா, குழாயைக் கையில் எடுத்தபடி. "உனக்கு வருதுடா."

"பெரியப்பா, வேணாம். இது இப்பத்தான் ஆறி வருது. அம்மா, கண்ணாடியைக் குடு. அம்மா!"

கீர்த்தனா அத்தை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் அலறுவதைக் கேட்டு அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவள் வலது கண்ணிலும் நொய் அளவுக்கு ஒரு வெள்ளை விழுந்திருந்தது. கண்ணாடியை அலமாரியில் வைத்துவிட்டு, மிளகாய் எடுக்க உள்ளே போனாள்.

சித்திமார் அவன் தோளைப் பிடித்தார்கள். யாரோ அவன் பிடரியில் கை வைத்தார்கள், அன்பாகத்தான். "இயல்! நீயாவது சொல்லுடி இவங்ககிட்ட! எரியுதுடி, உனக்குத் தெரியும்ல!"

"தெரியும்" என்றாள் இயலினி. நாற்காலியை விட்டு எழுந்து அவன் உட்கார இடம் கொடுத்தாள். "பல்லைக் கடிச்சுக்கங்க. ஒரு சொட்டுதானே."

அவள் உள்ளே போய்த் தட்டை எடுத்துவைத்து, காலையில் மிச்சமிருந்த இட்லியைப் போட்டுக்கொண்டாள். கண்மேல் உட்கார்ந்திருந்த ஈ அப்போதும் எழுந்திருக்கவில்லை. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியவும் இல்லை.